மூடிய கைக்கும் ஓர் இடம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் பாடம் நடத்தச் சேர்ந்த அந்த முதல் வருடம், கோபம் வராமல் நான் வீடு திரும்பிய நாள் அபூர்வம். அறுபதுகளின் தொடக்கம் அது. விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்க என்னை எடுத்திருந்தார்கள். பி.யூ.சி. வகுப்பு, பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த பெண்கள். பெஞ்சுக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேர் இருக்கும் அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

பேச மாட்டார்கள். என்ன கேட்டாலும் பேச மாட்டார்கள். "புரிந்ததா?" என்றால் எல்லாத் தலைகளும் ஆடும். "எங்கே, நீ சொல்லு" என்று ஒருத்தியைக் காட்டினால் எழுந்து நிற்பாள். தாவணி நுனி வாய்க்குள் போய்விடும். நான் காத்திருப்பேன். அவளும் காத்திருப்பாள். கடைசியில் எனக்குத்தான் கால் வலிக்கும். "உட்காரு தாயே" என்று கும்பிட்டு உட்கார வைப்பேன்.

காரணம் தெரியாமல் இல்லை. பள்ளி இறுதி வரை எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள். இங்கே ஒரே நாளில் எல்லாம் இங்கிலீஷ். நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் அதன் வாலைப் பிடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். நானும் அப்படித் தத்தளித்துக் கரையேறியவள்தான். ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் கோபம் குறைந்துவிடுமா என்ன? பரிசு தருகிறேன் என்று ஆசை காட்டிப் பார்த்தேன். திட்டிப் பார்த்தேன். தமிழிலேயே கேட்டும் பார்த்தேன். தமிழில் கேட்டாலும் அதே மௌனம்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மொழி பாதிதான் காரணம் என்று. தப்பாகச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்கிற பயம்தான் மீதி.

முதல் பரீட்சை வைத்தேன். பேப்பர்களைத் திருத்தும்போது எனக்கே அழுகை வந்தது. வெள்ளைத்தாளை மடித்துக் கொடுத்தவர்கள் கூட உண்டு.

பேப்பர் கொடுத்த அன்று சாயங்காலம் ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்கல்காரி. விடுதியில் தங்கிப் படிப்பவள். கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்காருவாள், அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அன்றுதான் அவள் குரலையே கேட்டேன்.

"மிஸ், நான் ஊருக்குப் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"லீவா?"

"இல்ல மிஸ். ஒரேயடியா."

அவளுடைய அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அப்பா இல்லை. வீட்டில் தம்பி தங்கைகள் தீப்பெட்டி ஒட்டுவார்கள். அந்தத் தெருவிலேயே பள்ளி இறுதிக்கு மேல் படிக்க வந்த முதல் பெண் இவள்தான். சேரும்போதே அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்: படிப்பு ஏறுதா பாரு, ஏறலைன்னா தீவாளி சீசனுக்குள்ள வந்துரு, கம்பெனியில ஆள் எடுக்கையில சேத்துவிட்டுருதேன். இவள் ஏறவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டாள். ஆயுத பூசைக்கு முன்னால் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"ஒரு பரீட்சைதானே போச்சு?"

"புரியாத எடத்துல இருந்துக்கிட்டு என்ன மிஸ் செய்ய? எல்லாப் பிள்ளைகளுக்கும் புரியுது. தலைய ஆட்டுறாக. எனக்குத்தான் ஒண்ணும் மண்டையில ஏறல."

சீசனுக்கென்று போன பிள்ளை திரும்பி வந்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தீபாவளி முடிந்தால் திருக்கார்த்திகை ஆர்டர், அது முடிந்தால் வேறு ஏதாவது ஒன்று. போனால் போனதுதான். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, அவள் அம்மா மேல் வந்தது, என் மேலும் வந்தது. "அம்மா வர்ற வரைக்கும் வகுப்புக்கு வந்து உட்காரு. சும்மா உட்காரு போதும்" என்றேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

எங்கள் வீடு மிளகாய் மண்டிகள் இருக்கிற தெருவைத் தாண்டி. தினமும் தும்மிக்கொண்டேதான் வீட்டுக்குப் போவேன். என் அப்பா அங்கே தரகர். ஒருநாள் மண்டி வாசலில் அவரும் வெளியூர் வியாபாரி ஒருவரும் நின்றிருந்தார்கள். இருவரின் வலது கைகளும் ஒரு துண்டுக்குள் இருந்தன. எங்கள் ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டாம். விலையை வாயால் சொன்னால் சுற்றியிருப்பவன் காதில் விழுந்துவிடும். அதனால் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ரூபாய். ஒத்துவராவிட்டால் கையை உதறிவிட்டுப் போகவேண்டியதுதான். எவ்வளவு குறைத்துக் கேட்டான் என்று ஊருக்குத் தெரியாது, கேட்டவனுக்கும் வெட்கமில்லை.

அந்த வெளியூர்க்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படி ஒரு கூச்ச சுபாவம். கல்யாண வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் கூடக் கேட்க மாட்டார் போல. ஆனால் துண்டுக்குள் கை மட்டும் அடித்துப் பேசிக்கொண்டிருந்தது. அப்பா "ம்ஹூம், ம்ஹூம்" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அப்பாவிடம் துண்டைக் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"பாடம் நடத்த."

"மிளகாத் துண்டை வச்சா? எந்தப் பாடம் அது?" என்று கேட்டுவிட்டு, என் முகம் போன போக்கைப் பார்த்துப் பேசாமல் கழற்றிக் கொடுத்தார்.

கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதினேன். சிவகாசி பஸ் வேகமாக வருகிறது, டிரைவர் சடாரென்று பிரேக் போடுகிறார், நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் போய் விழுகிறார்கள். ஏன்? கீழே நான்கு விடைகள், நம்பர் போட்டு. முதலில் இங்கிலீஷில் படித்தேன், பிறகு தமிழில் சொன்னேன். "யாரும் வாயைத் திறக்க வேண்டாம். நான் பெஞ்சு பெஞ்சாக வருவேன். துண்டுக்குள் கையை விட்டு, முதல் விடை சரி என்றால் என் விரல் ஒன்றைப் பிடியுங்கள், இரண்டாவது என்றால் இரண்டு. யார் எதைப் பிடித்தார்கள் என்று உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்."

முன் பெஞ்சில் மிளகாய் வியாபாரி வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். "ஐயய்யோ மிஸ், இது ஆம்பளைக செய்யிற யாவாரம்" என்றாள் தன்னையறியாமல். அந்த வருடம் என் வகுப்பில் ஒரு மாணவி தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

துண்டை உதறி விரித்தேன். அதை முதலிலேயே துவைத்திருக்க வேண்டும். அப்பாவின் தோளில் எத்தனை மூட்டை மிளகாயைப் பார்த்த துண்டோ! முதல் பெஞ்சு தும்ம ஆரம்பித்தது, இரண்டாவது பெஞ்சு தொடர்ந்தது, பிறகு வகுப்பே தும்மியது. நானும் தும்மினேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஆரம்பித்தேன்.

எத்தனை விதமான கைகள்! சில்லிட்ட கை, வியர்த்த கை, மருதாணிக் கை. ஒரு விரலைப் பிடித்துவிட்டு அவசரமாக மூன்றுக்கு மாறுகிற கை. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கரும்பலகையில் அந்தந்த விடைக்கு நேராகக் கோடு போட்டேன். கடைசி பெஞ்சுக்குப் போனேன். சுவரோரம் இருந்தவள் கையை உள்ளே விட்டாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தடித்த சருமம். பிடிக்கவில்லை. என் உள்ளங்கையில் மூடிய கை ஒன்று வந்து உட்கார்ந்தது. அப்படியே இருந்தது. யார் எதைப் பிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன் என்றேன் அல்லவா? இதை மட்டும் சொல்லலாம், பிற்பாடு அவளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

மண்டியில் மூடிய கைக்கு விலை கிடையாது. பலகைக்கு வந்தேன். நான்கு விடைகளுக்கும் கீழே "5. தெரியாது. கையை மூடிக் காட்டவும்" என்று எழுதி, அதற்கு நேராக ஒரு கோடு போட்டேன்.

"யாரோ ஒருத்தர் நேர்மையா பதில் சொல்லியிருக்காங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம். இப்ப மறுபடியும் வர்றேன்."

இரண்டாவது சுற்றில் நான் மிரண்டே போனேன். கைக்கு மேல் கையாக மூடிய கைகள். முதல் சுற்றில் தைரியமாக இரண்டு விரலைப் பிடித்த முன் பெஞ்சுக்காரிகளின் கைகள் கூட மூடிக்கொண்டு வந்தன. ஐந்தாவது வரிக்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டே போனேன், பலகையில் இடம் போதவில்லை. மற்ற நான்கு விடைகளும் சேர்ந்தாலும் அதற்குப் பக்கத்தில் வர முடியாது.

அறையின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னதுதான், ஆனால் வகுப்பு முழுக்க விழுந்தது.

"அம்புட்டுப் பேருக்குமா தெரியாது?"

யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தார்கள். திருத்தங்கல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளும் இந்த அறையில் ஒவ்வொருத்தியும், தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, அடுத்தவள் தலையாட்டுவதைப் பார்த்துத் தானும் ஆட்டியிருக்கிறாள். மண்டியில் துண்டைப் போடுவது ஒருவன் மனசில் இருப்பது இன்னொருவனுக்குத் தெரியாமல் இருக்க. இங்கே துண்டைப் போட்ட பிறகுதான் எல்லோர் மனசிலும் இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

அன்று விடையை நான் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, மணி அடித்துவிட்டது. மறுநாள் வந்தால் வகுப்பு சண்டைக்காடாகக் கிடக்கிறது. விடுதிப் பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தியை ஓட விட்டு, பிடித்து நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வரும்போதே பிரேக்குக்காகக் காத்திருந்து, விழுந்தும் பார்த்திருக்கிறார்கள். அதையே சட்டமாக்கிவிட்டேன். முதல் நாள் கேள்வி, துண்டு. ராத்திரி அடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மறுபடியும் துண்டு, அதற்குப் பிறகுதான் விடை. யார் கெஞ்சினாலும் முந்தின நாள் சொல்வதில்லை.

கல்லூரி முதல்வர் அம்மாவுக்கு விஷயம் போனது. கூப்பிட்டு, "இது காலேஜா, கமிஷன் கடையா?" என்று கேட்டார். "கமிஷன் கடையில யாவாரம் நடக்குதும்மா, என் வகுப்புல இதுவரைக்கும் எதுவும் நடக்கலை" என்றேன். கொஞ்சம் அதிகப்படியான வாய்தான். அரையாண்டுப் பரீட்சை மார்க்கைப் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார், துண்டை மட்டும் துவைக்கச் சொன்னார்.

ஆனால் எனக்கு மார்க்கை விட அந்த ஆயுத பூசைதான் கண்ணில் நின்றது. திருத்தங்கல்காரி இன்னும் வாய் திறந்து ஒரு பதில் சொன்னதில்லை. துண்டுக்குள் அவள் கை மட்டும் மாறிக்கொண்டிருந்தது. சில நாள் மூடியே வரும். சில நாள் ஒரு விரல், தயங்கித் தயங்கி. சில நாள் தப்பான விடைக்கு இரும்புப் பிடி! அந்தப் பிடியில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். போய்விடுவாளோ என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

அவள் அம்மா வந்தது ஒரு மத்தியான வகுப்பின்போது. சொல்லாமல் கொள்ளாமல் நேராக விடுதிக்குப் போய், மகளின் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு, வராந்தாவில் வகுப்பு வாசலுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெளிறிப்போன சேலை. நகக்கண்ணெல்லாம் வெடிமருந்துப் பொடியின் சாம்பல் நிறம். அது யாரென்று கடைசி பெஞ்சில் திருத்தங்கல்காரியின் முகம் எனக்குச் சொல்லிவிட்டது.

அன்று பலகையில் இருந்தது மேலே சீறிப் போகிற வாணத்தைப் பற்றிய கேள்வி. பேப்பரில் ராக்கெட் செய்தி வந்துகொண்டிருந்த காலம். காற்றே இல்லாத இடத்தில் வாணம் விட்டால் மேலே போகுமா? ஒன்று, போகும். இரண்டு, போகாது. மூன்று, கொஞ்ச தூரம் போய் விழும். காற்றில்லாத இடத்தில் மருந்து எரியுமா என்று யாரோ கிசுகிசுத்தார்கள். எரியத் தேவையானது எல்லாம் மருந்துக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று தமிழில் சொல்லிவிட்டுத் துண்டோடு பெஞ்சு பெஞ்சாகப் போனேன். வராந்தாவிலிருந்து ஒரு தலை உள்ளே எட்டிப் பார்த்தது. மணி அடித்தது. விடை நாளைக்கு.

பிள்ளைகள் கலைந்ததும் அந்த அம்மா எழுந்தார்.

"கும்புடுதேன் டீச்சரம்மா. இவ ஆத்தா. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். கம்பெனியில சீசனு, ஆளு பத்தல. அடுத்த லோடுக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்."

"இவ படிக்கட்டும்மா. இப்பத்தான் பிடிக்க ஆரம்பிச்சிருக்கா."

"அதான் அவளே எழுதிப் போட்டாளே, புரியலன்னு. நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுக்கீக. புரியாத பிள்ளைய வச்சுக்கிட்டு நீங்கதான் என்ன செய்வீக?" குரலில் குற்றம் ஒன்றும் இல்லை. பாவம், அந்த அம்மாவுக்கும் ஆசை இருந்து அற்றுப்போயிருந்தது. மகள் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, இப்பவாவது புரியுதா ஒனக்கு?"

அவள் குனிந்து நின்றாள். தாவணி நுனி வாய்க்குப் போனது. எனக்குத் தாங்கவில்லை. கையிலிருந்த துண்டை விரித்து அவள் முன்னால் நீட்டினேன். "வாயால வராட்டி இதுல சொல்லு. போறதுன்னா ஒண்ணு, இருக்கறதுன்னா ரெண்டு."

அவள் துண்டைப் பார்த்தாள். கையை உள்ளே விடவில்லை. தாவணியை வாயிலிருந்து எடுத்தாள்.

"புரியலம்மா" என்றாள். நன்றாகவே கேட்டது. "பாதிக்குப் பாதி இன்னும் புரியல. ஆனா இங்கன புரியலைன்னாலும் இருக்கலாம்மா. யாருக்கும்தான் புரியல. புரியலைன்னு சொல்லிட்டு, பெறகு யோசிக்கோம். நான் வரல."

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார். மகள் எதிர்த்துப் பேசிவிட்டாள் என்ற கோபமா, இவளுக்கு இவ்வளவு பேச வருமா என்ற ஆச்சரியமா, எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்க கேட்டீகளே, வாணம். எம்புட்டு வாணத்துக்கு மருந்து கெட்டிச்சிருப்பேன் இந்தக் கையால! அது போகுமா போகாதான்னு ஒருநாளும் நெனச்சதில்ல." சொல்லிக்கொண்டே துண்டுக்குள் கையை விட்டு என் விரலைப் பிடித்தார். காய்ந்த, சூடான கை. எத்தனை விரலைப் பிடித்தார் என்பதைச் சொல்ல மாட்டேன், அது துண்டுக்குள் நடந்தது.

"சரியா, டீச்சரம்மா?"

"நாளைக்குத்தான் சொல்லுவேன்."

"இதென்ன கூத்து! நான் இன்னைக்கே பஸ்ஸேறணும்ல?"

"வகுப்புச் சட்டம்மா" என்றாள் மகள். சிரித்துவிட்டாள்.

"நீ என்னன்னு சொன்ன?"

மகள் கையை மூடிக் காட்டினாள். "தெரியாதுன்னு சொன்னேன். நைட்டு விடுதியில பேசுவோம். நாளைக்குத் தெரிஞ்சுரும்."

அந்த அம்மா மூடிய அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"சரி. தெரிஞ்சுக்கிட்டுத் தீவாளிக்கு வரும்போது எனக்குச் சொல்லணும். மறந்துறாத" என்றார். பெட்டியின் ஒரு பக்கத்து வளையத்தைப் பிடித்தார். "நின்னு பாத்துக்கிட்டே இருந்தா? அந்தப் பக்கம் புடி."

இருவரும் பெட்டியை விடுதிக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற வழியெல்லாம் அந்த அம்மா, காற்றில்லாத இடம் என்று ஒன்று எங்கேதான் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார்.